47 சதவீதம்னா நூத்துக்கு 47 பேரா?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். 'ம்', 'ஆங்', நடுவுல வந்த குக்கர் விசில் எல்லாம் வெட்டியாச்சு.)

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு நம்பரைப் பத்தி. 47.

இந்த நம்பரை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. மேடைப் பேச்சுல, டிவி விவாதத்துல, ஃபேமிலி குரூப் ஃபார்வர்டுல. "உயர்கல்வியில இந்தியா 28, தமிழ்நாடு 47." இது யாரோ அடிச்சு விட்ட நம்பர் இல்ல. மத்திய கல்வி அமைச்சகம் நடத்துற அகில இந்திய உயர்கல்வி ஆய்வு, சுருக்கமா ஐஷே, அதுல வர்ற நம்பர். 2021-22 அறிக்கைப்படி இந்தியாவோட உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4. தமிழ்நாடு 47.0. அதுலயும் பெண்கள் 47.3, ஆண்கள் 46.8. பெரிய மாநிலங்கள்ல நாமதான் முதல்ல. கேரளா 41.3, தெலங்கானா 40.

பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனா இந்த நம்பரைக் கேட்ட உடனே நம்ம மண்டையில ஓடுற அர்த்தம் என்ன? "நூறு பேர்ல 47 பேர் காலேஜ் போறாங்க, 53 பேர் போகலை." அப்படித்தானே? அது தப்பு. அந்த நம்பர் அதைச் சொல்லவே இல்ல. அது என்ன சொல்லுது, என்ன சொல்லாம விடுதுன்னு புரிஞ்சாதான், யாரு உள்ள வர்றாங்க, எங்க போய் உட்கார்றாங்க, யாரு டிகிரியோட வெளிய வர்றாங்கன்னு கேட்கவே முடியும். வாங்க, பிரிச்சுப் பார்ப்போம்.

மேல ஒரு நம்பர், கீழ ஒரு நம்பர்

இது ஒரு சாதாரண வகுத்தல் கணக்கு. மேல: அந்த மாநிலத்துல உயர்கல்வியில பதிவாகி இருக்கிற எல்லா மாணவர்களும். கீழ: அந்த மாநிலத்துல 18 முதல் 23 வயசு வரைக்கும் இருக்கிற எல்லாரும்.

மேல இருக்கிறதுல வயசு பார்க்கிறதில்ல. பத்தாவது முடிச்சுட்டு பாலிடெக்னிக் சேர்ந்த 16 வயசுப் பையனும் உண்டு, 45 வயசுல அஞ்சல் வழியில எம்.ஏ. படிக்கிற அக்காவும் உண்டு. அஞ்சல் வழின்னா சின்ன எண்ணிக்கைன்னு நினைக்காதீங்க. 2020-21 கணக்குல நாடு முழுக்க 45.71 லட்சம் பேர் தொலைதூரக் கல்வியில இருந்தாங்க. மொத்தம் 4.14 கோடி. அதாவது ஒன்பது பேர்ல ஒருத்தர். அதே சமயம் ஐ.டி.ஐ. படிக்கிறவங்க இந்தக் கணக்குல வர்றதில்ல.

இன்னொண்ணு, மேல இருக்கிறவங்க காலேஜ் எங்க இருக்கோ அந்த மாநிலக் கணக்குல வருவாங்க. கீழ இருக்கிறவங்க வீடு எங்க இருக்கோ அந்த மாநிலக் கணக்குல. இதனாலதான் லிஸ்ட்ல சண்டிகர் 64.8, புதுச்சேரி 61.5னு உச்சத்துல நிக்குது. சுத்துப்பட்டு மாநிலத்துப் பிள்ளைங்க வந்து படிக்கிற ஊர்கள் அதெல்லாம். நம்ம ஊர் தனியார் பல்கலைக்கழகங்கள்ல படிக்கிற வெளி மாநில மாணவர்களும் நம்ம 47-க்குள்ளதான் இருக்காங்க.

இப்ப கீழ இருக்கிற நம்பருக்கு வருவோம். இதுல ஒரு சுவாரசியமான கதை இருக்கு. 2019-20 அறிக்கையில தமிழ்நாடு எவ்வளவு தெரியுமா? 51.4. அடுத்த வருஷ அறிக்கையில 46.9. ஒரே வருஷத்துல நாலரை பாயின்ட் காலி! கொரோனா வருஷம் வேற. அத்தனை பேர் படிப்பை விட்டுட்டாங்களா?

இல்ல. வகுக்கிற நம்பர் மாறிடுச்சு. அதுவரைக்கும் 18-23 வயசு மக்கள்தொகையை 2001 சென்செஸ் அடிப்படையில கணிச்சு வகுத்துட்டு இருந்தாங்க. 2020-21ல இருந்து 2011 சென்செஸ் அடிப்படையிலான கணிப்புக்கு மாத்தினாங்க. இந்தியாவுக்கும் இதே கதைதான். 2019-20க்கு முதல்ல 27.1னு வந்த நம்பரை, புது கணிப்பு வெச்சுத் திரும்பப் போட்டப்ப 25.6 ஆச்சு. ஒரு மாணவர்கூட கூடல, குறையல. ஃபார்முலாவுல ஒரு இன்புட் மாறுச்சு, அவ்வளவுதான். 2021ல நடக்க வேண்டிய சென்செஸ் தள்ளிப்போனதால, 2021-22 அறிக்கையையும் 2011-ஐ வெச்சுத்தான் கணிச்சாங்க. புது சென்செஸ் வந்து கணக்கை மாத்தினா நம்பர் மறுபடியும் குதிக்கும். அப்ப "வளர்ச்சி"ன்னோ "வீழ்ச்சி"ன்னோ யாராவது கத்தினா, முதல்ல கீழ இருக்கிற நம்பர் மாறியிருக்கான்னு பாருங்க.

ரெண்டு ஊர் கணக்கு

சரி, இதெல்லாம் அளவீட்டுச் சிக்கல். இதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. பேப்பர் பேனா இருந்தா எடுத்துக்கோங்க. பைக்ல போறவங்க வேண்டாம், மனசுக்குள்ளேயே போடுங்க.

ஒரு கற்பனை ஊர். ஒவ்வொரு வயசுலயும் சரியா 100 பேர். 18ல இருந்து 23 வரைக்கும் ஆறு வயசு. ஆக மொத்தம் 600 பேர். அதுதான் கீழ இருக்கிற நம்பர்.

இந்த ஊர்ல எல்லாருமே, 100க்கு 100 பேரும், ப்ளஸ் டூ முடிச்சதும் மூணு வருஷ டிகிரியில சேர்றாங்க. யாரும் நிக்கல. ஒரு நேரத்துல காலேஜுக்குள்ள எத்தனை பேர் இருப்பாங்க? மூணு பேட்ச். 300 பேர். 600ல 300. விகிதம் 50. ஊர்ல அத்தனை பேரும் காலேஜ் போறாங்க, ஆனா நம்பர் 50தான் காட்டுது!

இப்ப அதே ஊர்ல டிகிரியை நாலு வருஷம் ஆக்கிட்டோம்னு வைங்க. புதுசா ஒருத்தர்கூட சேரல. விகிதம் 67 ஆயிடும்.

நம்ம ஃபீல்டுல இருக்கிறவங்களுக்கு இது பழகின கணக்குதான். லிட்டில்ஸ் லா. ஜான் லிட்டில் 1961ல நிரூபிச்சது. ஒரு சிஸ்டத்துக்குள்ள சராசரியா எத்தனை பேர் இருக்காங்கங்கிறது, எவ்வளவு வேகமா உள்ள வர்றாங்க, உள்ள வந்தவங்க எவ்வளவு நேரம் இருக்காங்க, இந்த ரெண்டையும் பெருக்கினா வர்றது. சர்வர்ல ஒரே நேரத்துல எத்தனை ரிக்வெஸ்ட் ஓடுதுன்னு பார்க்கிற அதே விஷயம். ஆக்டிவ் ரிக்வெஸ்ட் எத்தனைன்னு மட்டும் பார்த்தா, எத்தனை ரிக்வெஸ்ட் சக்ஸஸ் ஆச்சு, எத்தனை பாதியில டைம்-அவுட் ஆச்சுன்னு தெரியுமா? தெரியாது. சேர்க்கை விகிதமும் அப்படித்தான். ஒரு நாள் கதவைத் தட்டி, "உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"ன்னு கேட்டு எண்ணுற எண்ணிக்கை.

இப்ப முக்கியமான கணக்குக்கு வருவோம். ரெண்டு ஊர். ரெண்டுலயும் படிப்பு நாலு வருஷம்.

முதல் ஊர்ல 100 பேர்ல 70 பேர் சேர்றாங்க. 70 பேரும் முடிக்கிறாங்க. உள்ள இருக்கிறவங்க 70 பெருக்கல் 4. அதாவது 280.

ரெண்டாவது ஊர்ல 100 பேரும் சேர்றாங்க. ஆனா முதல் வருஷம் முடிஞ்சதும் 40 பேர் விட்டுட்டுப் போயிடறாங்க. மீதி 60 பேர் முடிக்கிறாங்க. உள்ள இருக்கிறவங்க: முதல் வருஷத்துல 100, அடுத்த மூணு வருஷத்துலயும் தலா 60. கூட்டுங்க. 280.

ரெண்டு ஊருக்கும் விகிதம் ஒண்ணுதான். 280 வகுத்தல் 600. 46.7. கிட்டத்தட்ட 47!

ஒரு ஊர்ல வருஷத்துக்கு 70 பட்டதாரிங்க. இன்னொரு ஊர்ல 60 பட்டதாரிங்க, கூடவே ஒரு வருஷ ஃபீஸ் கட்டிட்டு, கடன் வாங்கிட்டு, கையில எதுவும் இல்லாம வீட்டுக்குத் திரும்பின 40 பேர். நம்பர் மட்டும் அச்சு அசலா ஒண்ணு.

தமிழ்நாடு இதுல எந்த ஊர் மாதிரி? அதை இந்த 47-ஐ வெச்சுச் சொல்லவே முடியாது. ஒண்ணு மட்டும் ஊகிக்கலாம். பெரும்பாலானவங்க ஆறு வருஷம் முழுக்க காலேஜ்ல உட்கார்றதில்ல. அதனால நம்ம ஊர்ல ஏதோ ஒரு கட்டத்துல காலேஜ் வாசலை மிதிக்கிறவங்க, நூத்துக்கு 47-ஐ விட அதிகமா இருக்கத்தான் வாய்ப்பு. அப்படின்னா கேள்வி இன்னும் கூர்மையாகுது. வாசலை மிதிச்ச அத்தனை பேருக்கும் என்ன ஆச்சு?

உயர்கல்வி ஆராய்ச்சியில இதை மூணு கேள்வியா பிரிக்கலாம். யாரு உள்ள வர்றாங்க, எந்த சீட்ல உட்கார்றாங்க, யாரு முடிச்சுட்டு வெளிய வர்றாங்க. ஒவ்வொண்ணா போவோம்.

முதல் கேள்வி: யாரு உள்ள வர்றாங்க?

மார்க் இருக்கு, சீட் இருக்கு, உதவித்தொகையும் இருக்கு. ஆனாலும் ஒரு பிள்ளை அப்ளையே பண்ணல. ஏன்?

இதுக்கு அமெரிக்காவுல நடந்த ரெண்டு பரிசோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரெண்டுமே மருந்தைச் சோதிக்கிற மாதிரி, குலுக்கல் முறையில ஆட்களைப் பிரிச்சுப் பண்ணது.

முதல்ல மிச்சிகன் பல்கலைக்கழகம். அந்த மாநிலத்துல நல்லா படிக்கிற ஏழை மாணவர்களுக்கு அங்க டியூஷன் ஃபீஸ் ஏற்கெனவே கிட்டத்தட்ட இலவசம்தான். ஆனா அது அப்ளை பண்ணி, வருமான விவரம் எல்லாம் கொடுத்து, கடைசியிலதான் தெரியவரும். சூசன் டைனார்ஸ்கியும் கூட இருந்த ஆராய்ச்சியாளர்களும் என்ன பண்ணாங்க? ஒரு பிரிவு மாணவர்களுக்கு வீட்டுக்கே ஒரு அழகான கவர் அனுப்பினாங்க. "நீ அப்ளை பண்ணி சேர்ந்தா நாலு வருஷமும் ஃபீஸ் கிடையாது. உறுதி." பெத்தவங்களுக்கும் ஸ்கூல் தலைமையாசிரியருக்கும்கூட தகவல் போச்சு. புதுசா பெருசா பணம் எதுவும் இல்ல. ஏற்கெனவே கிடைக்கக்கூடிய பணத்தை முன்கூட்டியே, நிச்சயமாச் சொன்னாங்க.

ரிசல்ட்? கவர் வராத பிரிவுல அப்ளை பண்ணவங்க 26 சதவீதம். கவர் வந்த பிரிவுல 68. அங்க போய் சேர்ந்தவங்க 12ல இருந்து 27 ஆனாங்க. வசதி இல்லாத வீட்டுல "ஒருவேளை கிடைக்கலாம்"ங்கிறதுக்கும் "கண்டிப்பா கிடைக்கும்"ங்கிறதுக்கும் நடுவுல இவ்வளவு தூரம் இருக்கு.

ரெண்டாவது பரிசோதனை இன்னும் எளிமையானது. 2008ல ஒஹையோ, வட கரோலினா மாநிலங்கள்ல. எச் அண்ட் ஆர் பிளாக்னு ஒரு கம்பெனி, வருமான வரி ஃபைல் பண்ணிக் கொடுக்கிறவங்க. வரி கட்ட வந்த குடும்பங்கள்ல ஒரு பிரிவுக்கு, அதே டேபிள்ல உட்கார்ந்து, பிள்ளையோட கல்வி உதவி ஃபார்மையும் நிரப்பிக் கொடுத்தாங்க. பாதி விவரம் வரி ஃபார்ம்லயே இருக்கு, அதனால பத்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். இன்னொரு பிரிவுக்கு, உங்களுக்கு இவ்வளவு உதவி கிடைக்கும்னு தகவல் மட்டும் சொல்லி அனுப்பினாங்க.

ஃபார்ம் நிரப்பிக் கொடுத்த குடும்பங்கள்ல, பள்ளி முடிக்கப் போற பிள்ளைங்க காலேஜ்ல ரெண்டு வருஷம் முடிச்ச விகிதம் 28ல இருந்து 36 ஆச்சு. தகவல் மட்டும் வாங்கின பிரிவுல? ஒரு மாற்றமும் இல்ல.

"சூப்பர், அப்ப எல்லாருக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பிடலாமே"ன்னு தோணும். அதையும் பண்ணிப் பார்த்துட்டாங்க. எட்டு லட்சம் மாணவர்களுக்கு மெசேஜ், மெயில், கடிதம்னு பெரிய அளவுல நினைவூட்டல் அனுப்பின ஆய்வு 2021ல வந்துச்சு. சேர்க்கை அசையல. நோட்டிபிகேஷன் வேலை செய்யல. கூட உட்கார்ந்த மனுஷன் வேலை செஞ்சாரு.

நம்ம ஊருக்கு இது எப்படிப் பொருந்தும்? ஃபார்ம் வேற, கதை அதேதான். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், இ-சேவை மையத்துல க்யூ, ஓடிபி வராத அப்பாவோட ஃபோன். தமிழ்நாட்டுல 2010ல இருந்து முதல் பட்டதாரி கட்டணச் சலுகை இருக்கு. வீட்டுல முதல் ஆளா டிகிரி போறவங்க கவுன்சலிங் மூலமா தொழிற்படிப்புல சேர்ந்தா டியூஷன் ஃபீஸ்ல சலுகை. ஆனா மேனேஜ்மென்ட் கோட்டாவுல சேர்ந்தா கிடையாது. இந்த ஒரு விதி தெரியாம, புரோக்கர் பேச்சைக் கேட்டு, கவுன்சலிங்குக்கு முன்னாடியே அட்வான்ஸ் கட்டிட்டா அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு நஷ்டம்னு யோசிங்க.

இன்னொரு விஷயம், சேர இடம் கிடைச்சும் கடைசியில வராமப் போறது. அமெரிக்காவுல இதுக்கு 'கோடைக் கரைசல்'ங்கிற அர்த்தத்துல ஒரு பேரே வெச்சிருக்காங்க. பள்ளி முடிஞ்சு காலேஜ் திறக்கிறதுக்குள்ள இருக்கிற அந்த விடுமுறையில, ஐஸ் மாதிரி கரைஞ்சு போறவங்க. பென் காஸில்மேன், லிண்ட்சே பேஜ் இதை விரிவா ஆராய்ஞ்சிருக்காங்க. தமிழ்நாட்டுல 'நான் முதல்வன்' திட்டத்துக்குக் கீழ 'உயர்வுக்குப் படி'ன்னு முகாம் நடக்குறது இதுக்காகத்தான். ப்ளஸ் டூ முடிச்சும் எங்கயும் சேராதவங்களை லிஸ்ட் எடுத்து, கூப்பிட்டு, அங்கேயே சான்றிதழ், அட்மிஷன், கடன் உதவின்னு பார்க்கிறது. அந்த வரி கம்பெனி டேபிள் மாதிரியே ஒரு டேபிள்.

ரெண்டாவது கேள்வி: எந்த சீட்?

எல்லாரும் உள்ள வந்துட்டா பிரச்சினை தீர்ந்துச்சா? சாமுவேல் லூகாஸ்னு ஒரு சமூகவியல் ஆய்வாளர் 2001ல ஒரு கருத்தை முன்வெச்சார். ஒரு படிப்பு எல்லாருக்கும் கிடைக்கிற வரைக்கும், வசதியானவங்களோட முன்னுரிமை "போறாங்களா, இல்லையா"ங்கிறதுல தெரியும். எல்லாரும் போக ஆரம்பிச்சதும் அந்த முன்னுரிமை மறையாது, "எங்க போறாங்க"ங்கிறதுக்கு இடம் மாறிடும். அளவு ஒண்ணாகும், தரம் பிரியும்.

இதைப் படிச்சப்ப எனக்கு நம்ம இன்ஜினியரிங் கவுன்சலிங்தான் ஞாபகம் வந்துச்சு. 400க்கும் மேல காலேஜ். சீட் கிடைக்கிறது இன்னைக்கு பிரச்சினையே இல்ல, வருஷா வருஷம் காலியா கிடக்கு. ஆனா கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் சீட்டும், லேப்ல பாதி மெஷின் ஓடாத ஒரு காலேஜ் சீட்டும் அந்த 47-ல ஒரே மாதிரிதான் எண்ணப்படும். நாங்க படிச்ச காலத்துலயே, ஒரே கட்-ஆஃப் வாங்கின ரெண்டு பேர்ல ஒருத்தனுக்கு எந்த காலேஜ்ல எந்த டிபார்ட்மென்ட் நல்லா இருக்கும்னு சொல்ல வீட்டுல சித்தப்பா இருப்பார், இன்னொருத்தனுக்கு பஸ் வசதி இருக்கிற காலேஜ்தான் நல்ல காலேஜ்.

தமிழ்நாடு அரசு இந்த ரெண்டாவது கேள்வியில பண்ண முக்கியமான வேலைகள் மூணு. ஒண்ணு, தொழிற்படிப்புக்கான நுழைவுத் தேர்வை எடுத்தது. 2006ல சட்டம், 2007-08 சேர்க்கையில இருந்து ப்ளஸ் டூ மார்க் மட்டும். கோச்சிங் சென்டர் இருக்கிற ஊர், இல்லாத ஊர்ங்கிற வித்தியாசம் அங்க குறைஞ்சுது. மருத்துவத்துக்கு நீட் வந்த பிறகு அந்த வித்தியாசம் திரும்பி வந்துச்சு. அரசுப் பள்ளியில படிச்சு எம்.பி.பி.எஸ். சேர்றவங்க விரல் விட்டு எண்ணுற அளவுக்குப் போச்சு. அதுக்குத்தான் ரெண்டாவது வேலை. 2020ல மருத்துவத்துல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அந்த முதல் வருஷமே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். சேர்த்து ஏறக்குறைய 400 இடம். மூணாவது, 2021ல அதே 7.5-ஐ இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் மாதிரி தொழிற்படிப்புகளுக்கும் நீட்டினது. அதுல சேர்றவங்களோட கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏத்துக்குது.

இந்த மூணுமே 47-ஐ பெருசா ஏத்தாது. இருக்கிற சீட்டுல யாரு உட்கார்றாங்கங்கிறதைத்தான் மாத்துது. அதனாலதான் அந்த ஒரு நம்பரை வெச்சு ஒரு திட்டம் ஜெயிச்சுதா தோத்துதான்னு தீர்ப்பு சொல்லக் கூடாது.

மூணாவது கேள்வி: யாரு முடிச்சுட்டு வெளிய வர்றாங்க?

நாம ரொம்பக் கம்மியா பேசுற கேள்வி இது. வின்சென்ட் டின்டோ 1975லயே இதை எழுதிட்டார். படிப்பை விடறது மார்க் பிரச்சினை மட்டும் இல்ல. இந்த இடம் எனக்கானதுன்னு அந்த மாணவருக்குத் தோணுதா, கூடப் படிக்கிறவங்களோட, வாத்தியாரோட ஒட்டுதல் வந்துச்சாங்கிறதும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது. தமிழ் மீடியத்துல ப்ளஸ் டூ வரைக்கும் முதல் பெஞ்ச்ல இருந்த பிள்ளை, இன்ஜினியரிங் முதல் செமஸ்டர்ல இங்கிலீஷ்ல கேள்வி கேட்க வாய் வராம கடைசி பெஞ்சுக்குப் போறது நம்ம கிளாஸ்லயே நடந்திருக்கும். அண்ணா பல்கலைக்கழகம் 2010ல சிவில், மெக்கானிக்கல் படிப்பைத் தமிழ் வழியில ஆரம்பிச்சதுக்குப் பின்னாடி இந்த யோசனைதான் இருந்துச்சு.

நம்ம ஊர்ல காலேஜை விடறதுக்கு இன்னொரு வடிவம் இருக்கு. அரியர். நாலு வருஷமும் வந்தாச்சு, ஃபேர்வெல்லும் முடிஞ்சாச்சு, ஆனா ஆறு பேப்பர் பாக்கி. இவங்க டிராப்-அவுட் லிஸ்ட்லயும் இல்ல, பட்டதாரி லிஸ்ட்லயும் இல்ல. எவ்வளவு நாள் இப்படி இருப்பாங்க? 2021ல அண்ணா பல்கலைக்கழகம் ஒரு ஸ்பெஷல் சான்ஸ் அறிவிச்சப்ப, இருபது வருஷத்துக்கு முன்னாடி சேர்ந்தவங்களுக்கும் அரியர் எழுத அனுமதி கொடுத்துச்சு. நாப்பது வயசுல எம்-3 பேப்பர் எழுத வர்றவங்களை நினைச்சுப் பாருங்க.

இதைச் சரி பண்ண முடியுமா? ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் பண்ணிக் காட்டியிருக்கு. அட்லாண்டாவுல இருக்கு. வசதியில்லாத மாணவர்கள் நிறைய. 2003ல அங்க சேர்ந்து முடிக்கிறவங்க 32 சதவீதம்தான். அவங்க பழைய மாணவர்களோட மார்க், பாடத் தேர்வு எல்லா டேட்டாவையும் எடுத்து, யாரு எந்த இடத்துல தடுமாறுறாங்கன்னு பார்த்து, அலர்ட் வந்த உடனே ஆலோசகர் கூப்பிட்டுப் பேசுற மாதிரி வெச்சாங்க. சின்னத் தொகை பாக்கி இருந்ததுக்காகவே பேரை எடுத்துடற மாணவர்களுக்கு, அந்தப் பாக்கியை அடைக்கிற மாதிரி உதவி கொடுத்தாங்க. பத்துப் பன்னிரண்டு வருஷத்துல 54 சதவீதத்துக்கு வந்துச்சு. இங்கயும் கவனிங்க, அலர்ட் மட்டும் வேலை செய்யல. அலர்ட்டுக்குப் பின்னாடி ஒரு ஆள் இருந்தாரு.

தமிழ்நாட்டுல இந்த மூணாவது கேள்வியைத் தொடுற திட்டம்னு நான் பார்க்கிறது புதுமைப் பெண். 2022 செப்டம்பர் 5ல தொடங்கினது. ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பெண்களுக்கு, டிகிரி, டிப்ளமா, ஐ.டி.ஐ. எதுல சேர்ந்தாலும் முடிக்கிற வரைக்கும் மாசம் 1000 ரூபாய், நேரா அவங்க பேங்க் அக்கவுண்டுக்கு. இதோட பழைய வடிவம் என்னன்னு தெரியுமா? மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம். தாலிக்குத் தங்கம். கல்யாணம் ஆகும்போது ஒரே தடவையா வர்ற உதவியை, படிச்சுட்டு இருக்கிற வரைக்கும் மாசா மாசம் வர்ற பணமா மாத்தினாங்க. சேர்ந்த அன்னைக்கு மொத்தமா கொடுத்தா அது சேர்றதுக்கான ஊக்கம். மாசா மாசம் கொடுத்தா தொடர்றதுக்கான ஊக்கம். அந்த டிசைன் வித்தியாசம் முக்கியம். பசங்களுக்கும் 2024 ஆகஸ்ட் 9ல தமிழ்ப் புதல்வன்னு அதே மாதிரி வந்துச்சு.

அப்ப என்ன எண்ணணும்?

ஒரு பேட்ச்சை எடுத்துக்கணும். இந்த வருஷம் ப்ளஸ் டூ முடிச்ச இத்தனை பேர். இவங்கள்ல எத்தனை பேர் எங்க சேர்ந்தாங்க, ரெண்டாம் வருஷம் எத்தனை பேர் வந்தாங்க, அஞ்சாவது வருஷத்துல எத்தனை பேர் கையில டிகிரி இருக்கு. அதே ஆட்களைத் தொடர்ந்து போகணும்.

ஐஷேவும் வருஷத்துக்கு எத்தனை பேர் பாஸ் பண்ணி வெளிய வந்தாங்கன்னு போடுது. 2021-22ல 1.07 கோடி. ஆனா அவங்க எந்த வருஷம் சேர்ந்தவங்க, அவங்களோட சேர்ந்த மத்தவங்க எங்கன்னு அதுல இருந்து பிரிக்க முடியாது. வழியும் நேர்கோடு இல்ல. ஐ.டி.ஐ. முடிச்சு நேரா பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம், டிப்ளமா முடிச்சு நேரா பி.இ. ரெண்டாம் வருஷம்னு லேட்டரல் என்ட்ரியில வர்றவங்க நிறைய. என்கூட வேலை பார்க்கிறவங்கள்ல கை வேலை நல்லாத் தெரிஞ்ச சிலர் அந்த வழியில வந்தவங்கதான்.

டெக்னிக்கலா இது இப்ப சாத்தியம். பள்ளி மாணவர்களுக்கு எமிஸ் நம்பர் இருக்கு. காலேஜுக்கு யுமிஸ். புதுமைப் பெண் மாதிரி திட்டத்துக்குத் தகுதி பார்க்கவே இந்த ரெண்டையும் இணைக்கணும். அதாவது பேட்ச்சைப் பின்தொடர வேண்டிய ஜாயின் குவெரி ஏறக்குறைய எழுதியாச்சு. பெயரை எல்லாம் நீக்கிட்டு, மாவட்ட வாரியா, படிப்பு வாரியா "சேர்ந்தவங்கள்ல முடிச்சவங்க"ன்னு ஒரு பட்டியல் வருஷா வருஷம் பொதுவுல வந்தா, கவுன்சலிங்ல சாய்ஸ் போடற ஒவ்வொரு குடும்பமும் பார்க்கும். எந்த காலேஜ்ல சேர்ற 100 பேர்ல 40 பேர் காணாமப் போறாங்கன்னு தெரிஞ்சா, யாரு அந்த காலேஜை முதல் சாய்ஸா போடுவாங்க?

ஒரு நேயர் கேள்வி

இன்ஸ்டாவுல ஒருத்தர் கேட்டிருந்தாங்க. "நான் ஐ.டி.ல இருக்கேன். அக்கா பையன் ப்ளஸ் டூ முடிச்சிருக்கான், ஊர்ல இருக்கான். நான் என்ன ப்ரோ பண்ண முடியும்?"

லிங்க் அனுப்பாதீங்க. எட்டு லட்சம் பேருக்கு அனுப்பிப் பார்த்தாச்சு, வேலை செய்யல. [சிரிப்பு] ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போங்க, முடியலைன்னா வீடியோ கால்ல ஸ்கிரீன் ஷேர் போட்டு உட்காருங்க. சான்றிதழ் எதெது கையில இருக்கு, எது வாங்கணும், இன்னைக்கே இ-சேவையில அப்ளை பண்ணுங்க. கவுன்சலிங் சாய்ஸ் லிஸ்ட்டை நீளமா போடச் சொல்லுங்க. ரேங்க் வரிசைப்படி, உங்க லிஸ்ட்ல மேல இருந்து கீழ வரும்போது காலியா இருக்கிற முதல் சீட்தான் கிடைக்கும். அதனால உண்மையிலேயே பிடிச்ச வரிசையில போட்டா எந்த நஷ்டமும் இல்ல. "இது நமக்கு எங்க கிடைக்கப் போகுது"ன்னு மேல இருக்கிறதை எடுக்கத் தேவையே இல்ல. அவனுக்கு எந்தெந்த உதவித்தொகை கண்டிப்பா கிடைக்கும்னு நீங்களே பார்த்து, அக்கா மாமாகிட்ட நிச்சயமான தொகையா சொல்லுங்க.

அப்புறம் கேலண்டர்ல ரெண்டு ரிமைண்டர் போட்டுக்கோங்க. காலேஜ் திறந்து ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு, முதல் செமஸ்டர் ரிசல்ட் வர்ற வாரம் ஒண்ணு. ரெண்டு தடவையும் கால் பண்ணி, "எத்தனை அரியர்?"னு கேட்காதீங்க. "எந்தப் பேப்பர் புரியல, யாருகிட்ட கேட்கலாம்?"னு கேளுங்க. அட்மிஷன் அன்னைக்கு ஸ்டேட்டஸ் போட நிறைய பேர் இருப்பாங்க. அந்த டிசம்பர் மாசக் கால்தான் யாரும் பண்றதில்ல.

இன்னைக்கு அவ்வளவுதான் மக்களே. நீங்களோ, உங்க கூட படிச்சவங்களோ பாதியில விட்டுட்டுத் திரும்பி வந்து முடிச்ச கதை இருந்தா, ஒரு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. பெயர் சொல்ல வேண்டாம். எது உங்களைத் திரும்ப வர வெச்சுதுன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல கல்விக் கடன் வட்டிக் கணக்கைப் பார்ப்போம்.